மூணாற்றில் சிறு வீடு பார்ப்பதும் சிக்கனமாகக் குடியிருப்பதும்

மூணாற்றில் வீடு தேடுபவர்கள் முதலில் வாடகையைக் கேட்கிறார்கள். அடுத்து அட்வான்ஸைக் கேட்கிறார்கள். அத்துடன் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். மலையில் ஒரு வீட்டின் உண்மையான செலவை ஈரமும் தண்ணீரும் ஏற்றமுமே முடிவுசெய்கின்றன. மாதம் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்த வீடு வெயில் படாத பள்ளத்தில் இருந்தால், மிச்சமான அந்த ஆயிரத்தைக் கீசரும் ஆட்டோவும் மருந்துக் கடையும் பங்கிட்டுக்கொள்ளும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்து, பணி ஓய்வுக்குப் பின் அதைக் காலி செய்துவிட்டு நகரத்தில் இடம் தேடும் குடும்பங்களையும், ஓட்டல், கடை, வாகன வேலைகளுக்காகப் போடி, தேனி, தென்காசிப் பக்கங்களிலிருந்து ஏறிவரும் இளைஞர்களையும் மனத்தில் வைத்து இக்குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன.

இங்கே வீடு சிறிதாக இருப்பதற்கும் வாடகை அதிகமாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நிலம் இருந்தாலும் அதில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்தின் வசமோ, 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டத்தின்படி அரசின் வசமோ இருக்கிறது. தனியார் கையிலுள்ள நிலம் ஆற்றோரக் கடைத்தெருவையும் அதையொட்டிய சில சரிவுகளையும் தாண்டி அதிகம் இல்லை. அந்தக் குறுகிய நிலத்திலும் தினவாடகைக்கு விடும் ஹோம்ஸ்டேக்களோடு குடியிருப்போர் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஆகவே 300, 350 சதுர அடியில் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை என்று இருக்கும் வீடு இங்கே ஏழ்மையின் அடையாளம் அன்று. ஊரின் அளவே அதுதான்.

எங்கே தேடுவது

கடைத்தெருவுக்கு நடந்துபோகும் தூரத்தில் பழைய மூணாறு, இக்கா நகர், எம்.ஜி. காலனி போன்ற பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் இடம் கிடைக்காதவர்கள் பள்ளிவாசல், சித்திராபுரம் வழியாக ஆனச்சால் வரையிலும், இன்னும் கீழே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள அடிமாலி வரையிலும் இறங்குகிறார்கள். எதிர்த்திசையில் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, மழை மறைவுப் பகுதியான மறையூர் இருக்கிறது. அங்கே வீடு உலர்ந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் மூணாற்றில் அன்றாட வேலை இருப்பவருக்கு அது ஒத்துவராது.

தூரத்தைக் கணக்கிடும்போது கிலோமீட்டரை நம்ப வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களிலும் டிசம்பர் விடுமுறையிலும் சுற்றுலா வாகனங்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, மற்ற நாள்களில் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரம் ஒரு மணி நேரம் ஆகலாம். எடுத்துக்காட்டாக, போகவர நாளொன்றுக்கு 60 ரூபாய் ஆகும் இடத்தில் குடியிருப்பவர் மாதம் 26 நாள் வேலைக்குச் சென்றால் 1,560 ரூபாய் சாலையிலேயே போய்விடும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்களானால் அதை இரட்டித்துக்கொள்ளுங்கள். கடைத்தெரு அருகிலுள்ள வீட்டின் வாடகை இதைவிடக் குறைந்த தொகைக்குத்தான் கூடுதலாக இருக்கிறது என்றால், தயங்காமல் அதையே எடுக்கலாம்.

ஏற்றத்துக்கும் விலை உண்டு. சாலையிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ எடை இருக்கும். அதைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டால் மேலே தூக்கிவருவதற்குத் தனிக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். அரிசி மூட்டைக்கும் கட்டிலுக்கும் இதே கதைதான். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் படிகளின் எண்ணிக்கையே வீட்டைத் தீர்மானிக்கட்டும்.

வீட்டைப் பார்க்கும் முறை

இயன்றால் மழையில் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் ஒரு வீட்டை அரை மணி நேரம் பார்ப்பது, வெயிற்காலத்தில் நாலு முறை போய்ப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும். கோடையில்தான் வீடு காலியாகிறது என்றால் தடயங்களைத் தேட வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருப்பதும், வெள்ளை உப்புப் பூத்திருப்பதும், மூடிக்கிடந்த அலமாரியைத் திறந்தவுடன் வீசும் பூஞ்சை வாடையும் பொய் சொல்வதில்லை. நான்கு சுவர்களில் ஒன்றுக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்.

சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். மண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஆள் நுழையும் அளவாவது இடைவெளியும், அதில் மழைநீர் வடிய ஓடையும் இருந்தால் வீடு பிழைக்கும். இல்லையென்றால் எந்தப் பெயின்டும் அதைக் காப்பாற்றாது, ஏனென்றால் அங்கே சுவர் ஆண்டு முழுவதும் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெயில் படும் திசையையும் கவனியுங்கள். மழைக்காலத்தில் மட்டுமல்லாமல் மற்ற மாதங்களிலும் பல நாள்களில் மதியத்துக்குமேல் மஞ்சு இறங்கிவிடுவதால், கிழக்கு வெயில் உள்ளே விழும் வீடே இங்கே நல்ல வீடு. மேற்கிலும் தென்மேற்கிலும் சன்னல் வைத்த வீட்டில் காட்சி அழகாக இருக்கும், சாரலும் அந்த வழியாகவே வரும். காட்சிக்குப் பணம் கொடுக்க வேண்டியது ஒருநாள் தங்க வருபவர்கள். குடியிருப்பவர்கள் வெயிலுக்குக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள சரிவை ஒருமுறை நடந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருப்பது, மழையிலும் அதன் நீர்த்துளைகள் வறண்டிருப்பது, தரையில் நீளவாக்கில் வெடிப்பு ஓடுவது, வாசற்படி சுவரைவிட்டு விலகியிருப்பது, மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது ஆகியவை மண் நகர்வதற்கான அறிகுறிகள். மேலே உள்ள ஊற்று திடீரெனக் கலங்கி வந்தாலோ, ஓடை திடீரென வற்றினாலோ அன்றே வெளியேற வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் லயங்களின்மேல் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனதை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வருபவர்களிடம் வீட்டுத் தரகர் அதைச் சொல்லப்போவதில்லை. இடுக்கி மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில் எங்கே போய்த் தங்குவது என்பதையும் வீடு எடுக்கும்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது.

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தண்ணீருக்குத் தட்டுப்பாடா என்று கீழிருந்து வருபவர்கள் வியக்கிறார்கள். ஓடையிலிருந்து ஓஸ் போட்டு நீர் எடுக்கும் வீடுகளுக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் கடினமானவை. எனவே “தண்ணீர் வருகிறதா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, “மார்ச்சில் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?” என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்பதே பயன்தரும். நான்கு பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு 70 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவழித்தாலும் நாளைக்கு 280 லிட்டர் வேண்டும். 500 லிட்டர் டேங்க் இரண்டு நாளுக்குக்கூட முழுதாகப் போதாது. கூரை நீரைப் பிடிக்க ஒரு தகர வடிகாலும் ஒரு பீப்பாயும் இருந்தால், 25 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது 500 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அது துணி துவைக்கவும் கழிவறைக்கும் ஆகும்.

ஒப்பந்தமும் மீட்டரும்

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்கு எழுதப்படும். அது மலையாளத்தில் இருந்தால், அந்த எழுத்துத் தெரிந்த நம்பகமான ஒருவரை வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். சீசன் மாதங்களில் தினவாடகைக்கு விட்டால் கூடுதல் வருமானம் வரும் என்பதால், ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதையும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதையும், அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் நாளையும் எழுத்தில் வாங்குங்கள். மாத வாடகை இல்லாமல் பெருந்தொகை கொடுத்து ஒத்திக்குக் குடியேறுபவர்கள், அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுப்பது அபாயகரமானது.

மின்சாரக் கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். தனி மீட்டர் உள்ளதா, அது வீட்டு இணைப்பா, வணிக இணைப்பா என்பது அதில் தெரிந்துவிடும். லாட்ஜின் பின்புற அறையை வீடென்று விடும் இடங்களில் வணிகக் கட்டணத்தை நீங்கள் சுமக்க நேரிடும். தமிழ்நாட்டில் பழகிய 100 யூனிட் இலவசம் இங்கே எல்லா வீட்டுக்கும் கிடையாது. மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக உயரும் கட்டணம், அதைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விகிதத்தில் கணக்கிடப்படும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீட்டு வருவதால், தவறு தெரியவரும்போது இரண்டு மாதம் கடந்திருக்கும். ஊராட்சி கொடுத்த வீட்டு எண் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்; ரேஷன் கார்டுக்கு அது தேவைப்படும்.

உள்ளே வாழ்வது

சிறு வீட்டில் குளிரைச் சமாளிக்க 2 கிலோவாட் அறை ஹீட்டரை வாங்குவது வீண். நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடினால் 6 யூனிட், மாதத்துக்கு 180 யூனிட். மற்றச் செலவுகளையும் சேர்த்தால் 250ஐத் தாண்டுவது எளிது. அதே பணத்தில் தகரக் கூரைக்கு உள்ளே ஒரு சீலிங் அடித்துக்கொள்வது வீட்டுக்காரர் சம்மதித்தால் மிகச் சிறந்த முதலீடு. தகரத்தின் அடிப்பக்கம் இரவில் வியர்த்துப் படுக்கையில் சொட்டுவதும் அதனால் நிற்கும். குளிப்பதற்கு, 15 லிட்டர் நீரை 30 டிகிரி சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும். கீசரைக் குளிப்பதற்குமுன் போட்டு உடனே அணைத்துவிட்டால் அது பெரிய செலவன்று.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் சட்டியில் கரி நெருப்பை எடுத்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அறை சிறியதாக இருக்க இருக்க ஆபத்து பெரியது. விறகடுப்பு வைத்திருப்பவர்கள் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் விறகையோ கவாத்து செய்த தேயிலைச் செடியின் குச்சிகளையோ கோடையிலேயே வாங்கிக் கூரைக்குக் கீழே, தரையில் படாமல் அடுக்கிவிட வேண்டும். ஈர விறகு சூட்டைக் கொடுப்பதைவிடப் புகையைத்தான் அதிகம் கொடுக்கும்.

மூடிய அறையில் ஒரு வாளித் துணியைக் காயப்போட்டால் அதிலுள்ள நீர் அத்தனையும் காற்றில் ஏறிச் சுவரிலும் கம்பளியிலும்தான் போய் இறங்கும். மழைமாதங்களில் துணியை ஒரே நாளில் மொத்தமாகத் துவைக்காமல் அன்றாடம் கொஞ்சம் துவைத்து, அடுப்படிக்கு அருகே சன்னலைத் திறந்துவைத்துக் காயவைப்பதே வழி. பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். இடம் போகிறதே என்று ஒட்டிப் போட்டால் பின்பலகை ஒரே மழைக்காலத்தில் பூத்துவிடும். பட்டுச் சேலை, சான்றிதழ்கள், போட்டோக்கள் ஆகியவற்றைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிடலாம். வெயில் அடிக்கும் காலை எதுவானாலும், வேலைக்குப் போகும் முன்பு கால் மணி நேரம் எல்லாச் சன்னல்களையும் திறந்துவைப்பது, கடையில் விற்கும் எந்த ஈரம் உறிஞ்சும் டப்பாவையும்விட நன்றாக வேலை செய்யும்.

வாங்கவோ கட்டவோ நினைப்பவர்களுக்கு

ஓய்வுப்பணம் கைக்கு வந்ததும் மூணாற்றிலேயே இரண்டு, மூன்று சென்ட் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சரிவில் அதில் சமதளமாகக் கிடைப்பது எவ்வளவு என்பது மண்ணை வெட்டித் தடுப்புச்சுவர் எழுப்பிய பிறகே தெரியும், அந்தச் செலவு வீட்டுச் செலவோடு போட்டிபோடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆவணங்களில் இருக்கிறது. தேவிகுளம் தாலுகாவில் 1999இல் வழங்கப்பட்ட 530 பட்டயங்களை (அரசு வழங்கும் நில உரிமைப் பத்திரங்களை) ரத்து செய்ய 2022 ஜனவரியில் கேரள அரசு உத்தரவிட்டது. அவற்றை நம்பிப் பணம் போட்டவர்களில் எளியவர்களும் உண்டு. எனவே பட்டயம் யாரால், எந்த ஆண்டு, எந்தத் தேவைக்காக வழங்கப்பட்டது என்பதையும், விற்பவரின் பெயரில் தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீசின் நிலவரிக் கணக்கு எண்) இருக்கிறதா, நடப்பு ஆண்டின் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீது இருக்கிறதா, வில்லங்கச் சான்றில் கடன் ஏதும் உள்ளதா என்பதையும் வில்லேஜ் ஆபீசிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். கட்டுவதற்கு ஊராட்சி அனுமதி மட்டுமின்றி, வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்றும் இந்த வட்டாரத்தில் தேவைப்படுகிறது; அது கிடைக்குமா என்பதை நிலம் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்த நிலம் இருந்து வீடில்லாத குடும்பங்கள் கேரள அரசின் வீட்டு வசதித் திட்டமான லைஃப் மிஷனில் 4 லட்சம் ரூபாய் உதவிக்கு ஊராட்சி மூலம் விண்ணப்பிக்கலாம். “ரசீதெல்லாம் பின்னால் சரிசெய்து தருகிறேன்” என்று விற்பவர் சொன்னால், அந்த ரசீது வரும்வரை டோக்கன் பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.