புரொப்பெல்லருக்கு எந்த கியர் விகிதம்?

படகு எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) ஓடுகிறது, கியர்பாக்ஸ் 2:1 என்றால் புரொப்பெல்லர் 1500 ஆர்பிஎம்மில்தான் சுற்றும். ஆனால் தண்டில் கிடைக்கும் முறுக்குவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உராய்வில் கொஞ்சம் போய்விடும். கியர் புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. வேகத்தைக் கொடுத்து முறுக்குவிசையை வாங்குகிறது, அவ்வளவுதான்.

பாரம் ஏற்றி மெதுவாகப் போகும் படகென்றால் 3:1 மாதிரியான விகிதமும் விட்டம் பெரிய புரொப்பெல்லரும் நல்லது. நிறைய தண்ணீரை மெதுவாகத் தள்ளினால் சக்தி வீணாவது குறைவு. இலேசான வேகப் படகுக்கு 1.5:1 போல் குறைந்த விகிதம் போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கியர் விகிதத்தை மாற்றிவிட்டுப் பழைய புரொப்பெல்லரையே மாட்டி வைக்கக் கூடாது. அது கேட்கும் சக்தி, சுழலும் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும்: வேகம் 10 சதவீதம் கூடினாலே சக்தி சுமார் 33 சதவீதம் கூடுதலாக வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வழக்கமான பாரத்தோடு த்ராட்டிலை முழுவதும் திறங்கள். எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன உச்ச ஆர்பிஎம்மைத் தொடாமல் திணறினால், டீசல் எஞ்சின் கரும்புகையும் கக்கினால், பெரும்பாலும் புரொப்பெல்லரின் சுமை அதிகம். முதலில் பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரத்தை, குறைத்துப் பாருங்கள். கியர்பாக்ஸை மாற்றுவதைவிட அது எளிது.