உப்புக் காற்றில் தொலைநோக்கியைக் காப்பாற்றுவது எப்படி

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். அந்த விளக்குகளுக்கு மேலே சனிக்கோள் எழுந்து வருவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதே கடல்தான் என்னிடம் உள்ள ஒவ்வொரு லென்ஸையும் ஒவ்வொரு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பார்க்கிறது. துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் ஃபிட்டராக 30 வருடம் வேலை பார்த்தவன் நான். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பது தெரியும். கண்ணாடியையும் விடாது என்பது அப்போது தெரியாது.

என் முதல் தொலைநோக்கி 70 மி.மீ. லென்ஸ் வைத்தது. 2012 ஜூன் 6 காலையில் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்ததை அதில்தான், முன்னால் சூரிய ஒளியைக் குறைக்கும் சூரிய ஃபிலிம் மாட்டி, தெருவில் பாதிப் பேருக்குக் காட்டினேன். அப்புறம் வேலை நெருக்கடி. வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே ஸ்பாஞ்சோடு வைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. 2014 பொங்கல் சமயத்தில் வியாழன் நன்றாகத் தெரிந்தது, எடுத்துப் பார்த்தேன். புகைக்கு நடுவில் பார்க்கிற மாதிரி இருந்தது. டார்ச்சை லென்ஸின் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள், வேர் மாதிரி கிளை விட்டுக் கிடந்தன. பூஞ்சை. ஸ்பாஞ்ச் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

ஆகவே முதலில் சொல்வது: வாங்கி வந்த அட்டைப் பெட்டி, தோல் உறை, துணிப் பை, ஸ்பாஞ்ச் எதிலும் லென்ஸைத் தங்க வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள்கள் அவை. தோலும் அட்டையும் பூஞ்சைக்குச் சாப்பாடும்கூட. பெட்டி தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும்.

சரி, எதில் வைப்பது? வழியைக் காட்டியது என் மனைவி. காசிமேட்டிலிருந்து வாங்கி வரும் கருவாட்டை அவள் ரப்பர் வளையம் போட்ட இறுக்கமான டப்பாவில்தான் வைப்பாள், ஈரக் கையால் தொட விடமாட்டாள். "உங்க லென்ஸையும் இப்படி வெச்சா என்னங்க?" என்றாள். அதையேதான் செய்தேன். ரப்பர் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் கால் கிலோ, மெல்லிய துணி முடிச்சில். கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று. இந்த மீட்டர்தான் முக்கியம். அது இல்லாமல் சிலிக்காவை நம்புவது, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காமல் மெஷினை ஓட்டுவது மாதிரி. எங்கள் வீட்டு அறையில் வைத்தால் 75, 80 சதவீதம் காட்டும். பூஞ்சை வளர அது தாராளம். டப்பாவுக்குள் 40-லிருந்து 50-க்குள் இருக்க வேண்டும். 55-ஐத் தாண்டினால் சிலிக்காவை எடுத்து வறுக்க வேண்டிய நேரம். ரொம்பவும் கீழே, 30-க்குக் குறைவாகப் போக விடவும் வேண்டாம். கிரீஸும் ரப்பரும் காயும்.

வறுப்பது எளிது. ஈரம் குடித்த ஆரஞ்சு மணிகள் கரும்பச்சையாகிவிடும். சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய வாணலியில் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் பழைய நிறம் திரும்பும். தீயைக் கூட்டினால் மணிகள் வெடித்துத் தெறிக்கும், கருகும். நீல நிற மணிகளை வாங்காதீர்கள். அதில் கோபால்ட் உப்பு சேர்த்திருப்பார்கள், வீட்டுக்குள் வறுக்கக் கூடாத சரக்கு அது.

டப்பாவில் அடங்காத பெரிய சாமானுக்கு வேறு வழி. என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் இருக்கிறது. லென்ஸுக்குப் பதில் குழாயின் அடியில் பெரிய கண்ணாடி வைத்து, ஒரு பெட்டி மேல் சுழலும் தொலைநோக்கி அது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான குழாய். அதைப் பழைய மர பீரோவில் தட்டுகளைக் கழற்றிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். பீரோவின் அடியில் ஒரு பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு எரிகிறது. பெயர்தான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும். அந்தச் சின்னச் சூடு உள்ளே இருக்கும் காற்றை வெளியைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாக வைத்திருப்பதால் ஈரம் படியாது. எல்.இ.டி. பல்பு போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. பல்புக்குப் பக்கத்தில் துணியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது, சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டுக் கம்பி வலை அடியுங்கள்.

இந்த டாப்சோனியன் எதில் நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கடையில் வரும் அடிப்பெட்டி மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. வெட்டிய ஓரங்கள் வழியாகத்தான் அது தண்ணீர் குடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கீழ் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. குழாயைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டேன். அடிப்பெட்டியைத் தூக்க நேரம் இல்லை. மறுநாள் பார்த்தால் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதி, திருகுகள் எல்லாம் பிடி விட்டிருந்தன. புதிதாக மரைன் பிளைவுட்டில் 18 மி.மீ. கனத்தில் அறுத்துச் செய்தேன். ஓரங்களுக்கு மூன்று பூச்சு வார்னிஷ். சுழலும் இடத்தில் மேல் பலகைக்குச் சன்மைக்கா, கீழ்ப் பலகையில் மூன்று டெஃப்லான் துண்டுகள். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். உங்கள் பெட்டி இன்னும் நல்ல நிலையில் இருந்தால் இந்த வாரமே ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள். அடியில் ரப்பர் கால்கள் போட்டுத் தரையிலிருந்து ஒரு அங்குலம் தூக்குங்கள்.

திருகுகள் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் திருகுகள் எங்கள் பக்கம் ஒரு வருடம் தாங்காது. ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் 304 ரகம் தருவார்கள். 316 என்று கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்புக்கு அதிக நாள் தாக்குப்பிடிக்கும்.

வானம் பார்த்து முடித்ததும் வரும் பத்து நிமிடம்தான் இந்த ஊரில் ஒரு தொலைநோக்கியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மூடியைப் போட்டு உள்ளே வைத்துவிட்டுப் படுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். மார்கழி, தை மாதத்துப் பனியில் குழாயும் லென்ஸும் நனைந்திருக்கும். மூடி போட்டால் அந்த ஈரத்தை உள்ளே அடைத்ததாக ஆகும். மூடியைத் திறந்தபடி, குழாயைப் படுக்க வைத்து, அறையில் தூரத்து ஃபேனில் காய விடுங்கள். அதற்குள் வெளிப்புற உலோகத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். உலர்ந்த துணி மட்டும் போட்டால் உப்பைத் தேய்த்துப் பரப்புவதோடு சரி. குறிபார்க்க உதவும் ரெட் டாட் ஃபைண்டரின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். காய்ந்த பிறகுதான் மூடி.

ஏ.சி. அறையில் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. சித்திரை, வைகாசி இரவில் 24 டிகிரி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி லென்ஸ் வேர்த்துவிடும். மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்து, சூடு ஏறிய பிறகு திறவுங்கள்.

இனி டாப்சோனியனின் பெரிய கண்ணாடியைக் கழுவுவது. இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயம் நல்லதுதான். கண்ணாடியின் மேல் உள்ள அலுமினியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். தூசிக்காகக் கழுவ வேண்டாம், தூசி படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் அசிங்கமாகத்தான் தெரியும். உப்புத் துளி காய்ந்த புள்ளிகள் தெரிந்தால் மட்டும் கழுவுங்கள். உப்பு ஈரம் இழுத்துப் பூச்சில் ஊசித் துளைகள் போடும். நான் வருடத்துக்கு ஒரு முறை, மாசி மாதத்தில் செய்கிறேன்.

குழாயிலும் கண்ணாடித் தாங்கியிலும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கழற்றுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பின் அடியில் துண்டை விரித்து, கண்ணாடியை மேல்நோக்கி வையுங்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் கரிக்கும், அது ஆகாது. கேன் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் சும்மா ஊற்றிக் கரடுமுரடான மணலை ஓட விடுங்கள். அடுத்து கண்ணாடி மூழ்கும் அளவு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, பத்து நிமிடம் ஊறல். மருந்துக் கடையில் விற்கும் சுத்தமான பஞ்சைப் பிய்த்து, தண்ணீருக்குள்ளேயே, அதன் எடையில் மட்டும் ஒரே திசையில் இழுங்கள். விரல் அழுத்தம் கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, உடனே தூக்கிப் போடுங்கள். எனக்கு ஒரு கழுவலுக்கு 20 பஞ்சு ஆகும். மறுபடி கேன் தண்ணீர், கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் ஓடிவிடும். நிற்கும் நாலைந்து துளிகளை டிஷ்யூ நுனியால் தொட்டு எடுங்கள். துடைக்காதீர்கள். ஜன்னல் துடைக்கும் நீலத் திரவத்தைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அதில் அமோனியா இருந்தால் பூச்சைத் தின்றுவிடும். திரும்ப மாட்டும்போது பிடிக்கும் கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கட்டும். இறுக்கினால் நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸான ஐபீஸுக்கு இவ்வளவு பாடு இல்லை. கண் இமையின் எண்ணெய்தான் அங்கே பூஞ்சைக்கு உணவு. ரப்பர் புளோயரால் ஊதி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு வைத்த பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றித் துடையுங்கள். வாயால் ஊதக் கூடாது. ஐபீஸைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது.

சூரிய ஃபிலிமை ஒவ்வொரு முறையும் டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள். பழைய தொலைநோக்கிகளோடு ஐபீஸில் திருகி மாட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்று தருவார்கள். சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். எனக்கு வந்ததை யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி சுத்தியலால் உடைத்தேன்.

இரண்டாம் கையாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சு சரிசெய்யும் ஈக்குவடோரியல் மவுண்ட் என்ற தாங்கி சல்லிசாக வருகிறதே என்று எடுத்துவிடாதீர்கள். சென்னையில் துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் 10 டிகிரி, அதற்கு மேல் இரண்டு விரல். எங்கள் மாடியில் அது எண்ணூர்ப் பக்கத்துப் புகையிலும் வெளிச்சத்திலும் மறைந்துவிடும். பல மவுண்டுகளை அவ்வளவு கீழே சாய்த்தால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். நான் வாங்கி, ஆறு மாதம் போராடி விற்றுவிட்டேன்.

1792-லேயே நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் இருந்த ஊர் இது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மின்விசிறியும் சிலிக்கா ஜெல்லும் இல்லாத காலத்தில், இதே வங்கக் கடல் காற்றில், அந்த லென்ஸ்களை எப்படிக் காத்திருப்பார்கள் என்று பஞ்சு இழுக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

ஐப்பசி பிறப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு லென்ஸுக்கும் டார்ச் அடித்து, சிலிக்காவை வறுத்து, தேதியை நோட்டில் எழுதி வைப்பேன். மழைக்காலத்திலும் பத்து நாளுக்கு ஒரு முறை டப்பாவைத் திறந்து மீட்டரைப் பார்க்க வேண்டும்.

தை பிறந்ததும் முதல் தெளிவான இரவில், ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்களில் நடுவில் உள்ளதை டாப்சோனியனில் பிடித்து, தெளிவாகத் தெரியும் குவியத்திலிருந்து லேசாக விலக்குங்கள். அப்போது தெரியும் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, நடுப்புள்ளி நடுவிலேயே இருந்தால் கண்ணாடிகள் நேராக இருக்கின்றன. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பின்பக்கத் திருகுகளை அரைக்கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பிப் பாருங்கள். எனக்குப் பக்கத்து வீட்டுப் பையன் துணை. அவன் கண்ணை வைத்து "தாத்தா, இன்னும் கொஞ்சம்... நிறுத்து, நிறுத்து" என்பான், நான் பின்னால் உட்கார்ந்து திருகுவேன்.