முதல் எயார் ரைபிள்: மட்டான காசில் எதைப் பார்த்து எடுப்பது

கடைக்குப் போக முன்னம் அனுமதிப்பத்திர விடயத்தைப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்து முடியுங்கள். காசு கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மட்டான காசுக்கு ஸ்பிரிங் பிஸ்டன் வகைதான் சரி, அதாவது ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அமுக்கிக் குண்டை விடும் வகை. குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றினால் போதும். பம்ப், சிலிண்டர், காஸ் குப்பி என்று பின்னால் செலவு இழுக்காது. குண்டு 4.5 மி.மீ. அளவில் எடுங்கள். ஒலிம்பிக் 10 மீற்றர் போட்டியிலும் இதே அளவுதான். கடதாசியில் சுடத் தட்டை முனைக் குண்டு நல்லது, துளை வட்டமாக விழும்.

பழையதை வாங்குவதென்றால், குழலை மூடிப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். மயிரளவு ஆடினாலும் குறி நில்லாது. குழல் மடியும் இடத்தில், குண்டு வைக்கும் முனையிலுள்ள சீல் வளையம் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். குண்டில்லாமல் சுட்டுக் காட்ட வந்தால் உடனே தடுங்கள். குண்டு அடைத்து நின்றால்தான் காற்று மெத்தைபோல் தாங்கும். இல்லாவிட்டால் பிஸ்டன் முனையில் போய் மோதி, ஸ்பிரிங்கும் சீலும் கெடும்.

மலிவு ஸ்கோப் வேண்டாம். ஸ்பிரிங் துவக்கு முன்னும் பின்னும் உதைப்பதில் அது கெதியாகக் கழன்றுவிடும். துவக்கிலேயே உள்ள இரும்புக் குறியே போதும்.

குண்டு வைக்கும்போது மற்றக் கையால் குழலை இறுக்கிப் பிடித்திருங்கள். தவறி மூடினால் விரல் போய்விடும். இலக்குக்குப் பின்னால் மணல் நிரப்பிய பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஈயம் தொட்ட கையைக் கழுவுங்கள்.

திருகோணமலை உப்புக்காற்றுக்கு, சுட்டு முடிந்ததும் குழலின் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பிஸ்டன் அறைக்குள் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், அமுக்கச் சூட்டில் பற்றி வெடிக்கும்.