புது ராப் பாட்டை மூன்று தரம் கேட்கும் முறை

முதல் தரம் வரிகளை விடுங்கள், தாளத்தை மட்டும் பிடியுங்கள். திருகோணமலை டச்சுக் குடாக் கடற்கரை இதற்குச் சரிவராது. அலைச் சத்தம் ஹை-ஹேட்டை, அதாவது டிரம்ஸின் சிணுங்கும் தட்டொலியை, விழுங்கிவிடும். ஃபோன் ஸ்பீக்கரும் வேண்டாம். 808 பேஸ், அதாவது ராப்பில் வரும் ஆழ்ந்த டிரம் மெஷின் பேஸ், பெரும்பாலும் 40–60 ஹெர்ட்ஸில் ஓடும், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வராது. ஓட்டோவில் பூட்டிய ஊஃபரில் பேஸ் வரும், சொல் போய்விடும். வயர் ஹெட்போன் போதும்.

ஸ்னேர் (டிரம்ஸில் 'டப்' என்று வெடிக்கும் அடி) விழும் இடங்களை இரண்டு, நான்கு என்று எண்ணுங்கள். நான்கு அடி ஒரு பார். நிமிடத்துக்கு 90 அடி என்றால் 16 பார் ஏறக்குறைய 43 செக்கன். ட்ராப் என்ற ராப் வகையில்தான் பலருக்குக் கணக்குப் பிழைக்கும்: 140 என்று எண்ணினால் ஸ்னேர் மூன்றாம் அடியில் விழும். 70 ஆகப் பாதியாக்குங்கள், சரிவரும்.

இரண்டாம் தரம் வரிகளை எழுதி, பார் முடியுமிடத்தில் கோடு போடுங்கள். வரிக் கடைசியில் ஒலி ஒன்றினால் இயைபு. தொடக்கச் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. "வந்தேன், நின்றேன்" வகை இயைபுக்குப் புள்ளி கொடுக்காதீர்கள், அது வினைமுற்று இலவசமாகத் தருவது. "வாறன், போறன்" என்று கதைக்கிற ஊர்ப் பெடியன் பாட்டில் மட்டும் இந்தியப் பேச்சில் "வரேன்" என்றால் அதையும் குறியுங்கள். ஒப்பிட, மலேசிய ராப் குழுவான யோகி பி & நட்சத்ரா 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு நல்ல அளவுகோல்.

மூன்றாம் தரம் மூச்சு. எட்டு பாருக்கு மூச்சே கேட்காவிட்டால் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டியிருக்கலாம், அல்லது மிக்ஸிங்கில் மூச்சை வெட்டியிருக்கலாம். மேடைப் பதிவைப் பார்த்தால் பிடிபடும்.