பெங்களூரில் பிள்ளைக்குக் கால்பந்து கிளப் பார்க்கும்போது

கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் தலைமுறைகளாகக் கால்பந்தோடு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக்கூட, இன்று கட்டணம் வாங்கும் அகாடமிகளுள் ஒன்றைத் தேர்வது எளிதாக இல்லை. சீருடையையும் விளம்பரத்தையும் ஒதுக்கிவிட்டு, பயிற்சியாளரிடம் பயிற்சி அளிப்பதற்கான அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமமோ (தொடக்க நிலை) அதற்கு மேலான ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி உரிமமோ உள்ளதா என்று முதலில் கேளுங்கள். எந்த வயதுப் பிரிவு லீகில் ஆடுகிறார்கள், ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் கிடைக்கும், இடையில் விலகினால் பிள்ளையின் ஆட்டக்காரர் பதிவை வேறு கிளப்புக்கு எப்படி மாற்றுவது என்பவற்றை எழுத்தில் பெறுங்கள்.

ஆட வாய்ப்புத் தருவதில் பாரபட்சம் உண்டா என்பதை அறிய, சேர்க்கும் முன்பே ஓர் ஆட்டத்தை முழுதும் பாருங்கள்; மூன்று கோல் முன்னிலையில் இருக்கும்போதும் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், அங்கே சிலருக்குத்தான் ஆட்டம். சேர்ந்த பிறகு ஐயம் எழுந்தால், சில வாரங்களுக்குப் பிள்ளை ஆடிய நிமிடங்களைக் குறித்துவைத்து, ஆட்டம் முடிந்த சூட்டில் அல்லாமல் வேறொரு நாளில் பயிற்சியாளரைத் தனியே சந்தித்து, "என் மகள் எதில் முன்னேற வேண்டும்?" என்று கேளுங்கள். மற்ற பிள்ளைகளின் பெயரை இழுக்க வேண்டாம். தெளிவாகப் பதில் சொல்பவரை நம்பிக் காத்திருக்கலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளையைத் தொடர்ந்து பெஞ்சில் வைப்பது, காரணம் எதுவானாலும், எனக்கு ஏற்புடையதல்ல. அடுத்த சீசனுக்குப் பணம் கட்டும் முன் வேறு கிளப்பைப் பார்த்துவிடுங்கள்.