சமாதானம் பண்ணப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சேகரக் கமிட்டிக்கு, அதாவது நம் சபைகளை நடத்தும் குழுவுக்கு, புதிதாக வந்த தம்பிமார், பேச்சு முறிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் வயசுக்காரர்கள் அந்தக் காலத்தில் பண்ணின கூத்தையே இவர்களும் பண்ணுகிறார்கள். ஊர் முன்னால் திட்டாதே, ஒரு பக்கம் சாயாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று தொடங்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. திசையன்விளை பக்கம் ஒரு தேரிக்காட்டு ஊர். அண்ணன் தம்பிக்குப் பொதுக் கிணறு, ஆளுக்கொரு நாள் முறை. தம்பி முறையிலும் அண்ணன் மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருந்தான். கோடையில் தம்பி வைத்த முருங்கைக் கன்றெல்லாம் கருகிப்போயிற்று. நற்கருணை ஞாயிறன்று இரண்டு பேரையும் கோயில் வாசலில் நிறுத்தி, "தண்ணிக்கா இவ்வளவு? கையக் குடுங்கடே" என்றார் ஒரு பெரியவர். கொடுத்தார்கள். மறுவாரமே பழையபடி மோட்டார். கேட்கப் போன தம்பியிடம் அண்ணன் சொன்னான்: "நீதான் மன்னிச்சாச்சுல்லா, பொறவு என்னலே?" தம்பி அதோடு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

மத்தேயு 18-இல் இயேசு ஒரு கதை சொல்கிறார்: ராஜா ஒருவன் தன் வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து என்ற மலைபோன்ற கடனை விட்டுவிட்டான்; அந்த வேலைக்காரனோ தன்னிடம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை விடவில்லை. உடன்வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். அன்றைக்கு ஒரு நாள் கூலி ஒரு வெள்ளிப்பணம். நூறு நாள் கூலி என்றால் பனையேறி வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு பதநீர்ப் பருவத்து வருமானம். இயேசு அதைச் சில்லறை என்று சொல்லவில்லை. பதினாயிரம் தாலந்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். அந்த ராஜாவும் கணக்குப் பார்த்த பிறகுதான் கடனை விட்டான்.

ஆகவே முதலில் நஷ்டப்பட்டவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் வசனம் எடுக்காதீர்கள். லூக்கா 17:3-இல் 'மன்னிப்பாயாக' என்பதற்கு முன்னால் 'கடிந்துகொள்' இருக்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். கிணற்று முறையை எழுதிக் கையெழுத்து வாங்கின பிறகு கை கொடுக்கச் சொல்லலாம்.

அதற்காகத் தம்பி மன்னிக்க வேண்டாம் என்று ஆகிவிடாது. கர்த்தருடைய ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த கையோடு, மத்தேயு 6:14-15-இல் இயேசு மறுபடி எடுத்துப் பேசினது மன்னிக்கிற அந்த ஒரு வரியைத்தான். அண்ணன் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் மனக்கசப்பைத் தம்பி இறக்கித்தான் ஆக வேண்டும். அது அவனுக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு. அண்ணன் அதைக் காட்டித் தண்ணீர் இறைக்க முடியாது.

காணிக்கை வசனத்தை ஆள் மாற்றிச் சொல்வது

காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்கிற வசனத்தை நஷ்டப்பட்ட தம்பியிடம் சொல்கிறார்கள். ஆனால் 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' என்பதே மத்தேயு 5:23. பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியவன் அண்ணன்.

அடி உதை நடந்த வீட்டில் சமாதானம் பேசுவது

பேசாதீர்கள். முதலில் அடிபட்டவளையும் பிள்ளைகளையும் பத்திரமான இடத்தில் சேருங்கள்.

கோயில் விருந்தான அசனப் பண்டிகைக்குள் முடித்துவிட நினைப்பது

தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து மரித்த பிறகும், யோசேப்பு மன்னித்ததை, அவனை விற்றுப்போட்ட அண்ணன்மாரால் நம்ப முடியவில்லை. நம் ஊரில் மட்டும் சாம்பார் கொதிக்கிறதற்குள் முடியுமா? வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தே சாப்பிடட்டும்.