பில் கூட வந்தா ஈடு வைக்க ஓடாதீங்க, முதல்ல மீற்றரைப் பாருங்க

போன வருசம் ஐப்பசியில எங்கட தண்ணி பில் வழமையா வாறதவிட மூண்டு மடங்கு வந்திச்சு. நான் உடன தோட்டைக் கழட்டி ஈடு வைக்க வெளிக்கிட்டன், மாமிதான் "நில்லு பிள்ள, மீற்றரைப் பாப்பம்" எண்டா. எல்லாப் பைப்பையும் பூட்டிட்டுப் பாத்தா உள்ளுக்கிருக்கிற சின்னச் சக்கரம் மெல்ல மெல்லச் சுத்திக்கொண்டே இருக்கு! டொய்லெட் டாங்கிக்குள்ள உடுப்புக்குப் போடுற நீலம் நாலு சொட்டு விட்டு, ஃப்ளஷ் பண்ணாம கால் மணித்தியாலம் பொறுத்தம், கீழ கோப்பையில நீலமா இறங்கி நிக்குது. ஒரு ரப்பர் வாசர் தேஞ்சதுதான் காரணம்.

அதால பில் கூட வந்தா மீற்றர்ல இருக்கிற இலக்கமும் பில்லில இருக்கிறதும் ஒத்து வருதா எண்டு பாத்து போட்டோ எடுத்து வைங்க. கட்ட ஏலாட்டி, வெட்டப்போறம் எண்டு சொல்லுற சிவப்பு பில் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம கந்தோருக்குப் போய் தவணையா கட்டலாமா எண்டு நேராக் கேளுங்க, கேக்கிறதில வெக்கமே இல்ல.

எங்கட இலங்கையில வீட்டுக் கரண்ட் பில்லுக்கு மாசம் 60 யூனிற்தான் கோடு. அதைத் தாண்டினா முதல் யூனிற்றில இருந்தே விலை கூடிடும். 1000 வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினா 1 யூனிற். மாச நடுவில மீற்றரை ஒருக்கா எழுதுங்க, அப்பவே போன பில்லில இருந்த இலக்கத்தவிட 30க்கு மேல கூடியிருந்தா மிச்ச நாளுக்குக் கைய இறுக்கலாம்.

இனி வருசத்தில ஒருக்கா வாற செலவு. மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ், வாகன வருமான அனுமதிப்பத்திரம், பிள்ளையளுக்கு சப்பாத்து கொப்பி, மழைக்கு முன்னம் கூரை, தீபாவளி, கலியாண வீட்டு அன்பளிப்பு, இதெல்லாம் திடீர் செலவு இல்ல, திகதி தெரிஞ்ச செலவு. கலண்டர்ல அந்தந்த மாசத்தில எழுதிக் கூட்டுங்க. 96,000 வந்தா மாசம் 8,000, சம்பளம் விழுந்த அண்டைக்கே வேற பாங்க் புத்தகத்தில போட்டிடணும்.

ஆனா கடலுக்குப் போற வீட்டுக்கும் திருகோணமலையில நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போற வீட்டுக்கும் பன்னெண்டாப் பிரிக்கிற கணக்கு சரி வராது, கார்த்திகை மார்கழியில கடல் கொந்தளிச்சா வள்ளம் கரையில, வெள்ளைக்காரரும் இல்ல. அவங்க சித்திரையில இருந்து புரட்டாசி வரைக்கும் ஆறு மாசம் 16,000 படி போட்டிட்டு மழைக்குள்ள ஒண்டும் போடாம இருக்கலாம். சீட்டு கட்டுறவங்க கழிவு (சீட்டு எடுக்கேக்க விட்டுக்குடுக்கிற காசு) பாக்காம செலவு வாற மாசத்துக்குக் கிட்ட எடுக்கப் பாருங்க.

ஆஸ்பத்திரி, செத்த வீடு மாதிரி உண்மையாவே திடீரெண்டு வாறதுக்கு மட்டும் தனியா கொஞ்சம் வைங்க, மாசம் 500 எண்டாலும் பரவால்ல. அதில எடுத்தா கொப்பியில உங்கட பேரிலயே கடன் எண்டு எழுதி, அடுத்த மாசமே திருப்பிப் போடத் தொடங்குங்க.